கோடியக்கரையில் ஒளிப்படம்

சோழமண்டலக் கரை தெற்கு நோக்கி வந்து மேற்கே திரும்பும் முனையில் அமைந்தது கோடியக்கரை. 1967-ஆம் ஆண்டில் அது வனவிலங்குப் புகலிடமாக்கப்பட்டது. மாரிக்குப் பின் அதன் உவர்நீர்ப் பரப்பிலே பூநாரைகள் நின்று, அலகைத் தலைகீழாக அமிழ்த்தி இரை தேடும். அவ்விரையிலுள்ள நிறப்பொருளே அவற்றின் சிறகிற் சிவப்பாகப் படிகின்றது. அக்காட்சியைப் படமெடுக்க விழைவோன் சேய்மையிலேயே அமர்தல் வேண்டும். நெருங்கின், கூட்டம் முழுதும் நீர்மேல் ஓடி எழும். நெடுந்தொலைவு பறந்து வந்த பறவைக்கு அவ்வோட்டம் வீண்செலவன்றோ? சிறகு விரித்த படம் அழகியதே. ஆயினும், விரட்டிப் பெற்றதனை நல்ல கலைஞர் விரும்பார்.

வண்ணத்துப்பூச்சியோ காலையிளவெயிலில் சிறகை விரித்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். அப்பொழுது மெல்ல அணுகலாம். நிழல் மட்டும் அதன்மேல் வீழலாகாது. வீழ்ந்த கணமே, கருவியின் கண்ணுக்கு எஞ்சுவது வெறும் பூவே.