டெஸ்டில் பச்சை, கடையில் காலி

ஒரே கோடிலிருந்து இரண்டு புரோகிராம்கள் வருகின்றன. டீபக் பில்டை நாங்கள் மேசையில் ஓட்டிப் பார்ப்போம். ரிலீஸ் பில்டைத்தான் ஜனங்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிக்கொண்டே காலம் தள்ளலாம், அசர்ட் குறுக்கே வராதவரை.

சி++ல் அசர்ட் என்றால், 'இது உண்மையா இருக்கணும், இல்லேன்னா இங்கேயே நின்னுடு' என்று புரோகிராமிடம் சொல்வது. ரிலீஸில் வழக்கமாக என்டிபக் என்ற மேக்ரோவை வைப்பார்கள். அது இருந்தால் அசர்ட் மறைந்துவிடும், அடைப்புக்குறிக்குள் எழுதியதையும் சேர்த்து.

முன்பு வேலை பார்த்த இடத்தில் மருந்துக்கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்தோம். கூட இருந்த தம்பி ஒருவன், ராத்திரி பேக்கப் எடுக்கும் ஃபங்ஷனை அசர்ட்டுக்குள்ளேயே கூப்பிட்டிருந்தான். பேக்கப் தவறினால் உடனே தெரியட்டும் என்கிற நல்லெண்ணம்தான். ஒரு கடையில் ஹார்ட் டிஸ்க் போனது. பேக்கப் ஃபோல்டரைத் திறந்தால் காலி. கடன் பாக்கி முழுக்க அந்த டிஸ்கில் இருந்தது. "யார் எவ்வளவு தரணும்னு நான் யார்கிட்ட போய்க் கேப்பேன் தம்பி?" என்றார் அண்ணாச்சி போனில்.

மீட்டிங்கில் எல்லாரும் அவனையே பார்த்தார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தினமும் பச்சை காட்டிய டெஸ்ட் எதைத்தான் டெஸ்ட் செய்தது?

அது ஓடியது லினக்ஸில். அங்கே சிமேக்கிடம் மேக்ஃபைல் எழுதச் சொல்லும்போதே பில்ட் டைப்பையும் சொல்ல வேண்டும். யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் டீபக்கும் இல்லை ரிலீஸும் இல்லை, ரெண்டுங்கெட்டான். என்டிபக் இல்லாததால் அசர்ட் உயிரோடிருந்தது, பேக்கப்பும் நடந்தது. விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ அந்த பில்ட் டைப்பைச் சட்டை செய்வதே இல்லை. கம்பைல் செய்யும் நேரத்தில் எதைத் தேர்ந்தெடுக்கிறோமோ அதுதான். கடைக்குப் போன விண்டோஸ் ரிலீஸை ஒரு டெஸ்ட்கூடத் தொட்டதில்லை.

வரியைத் திருத்த ஒரு நிமிஷம் போதும்: பேக்கப்பை வெளியே கூப்பிட்டு, விடையை ஒரு இஃப் வைத்துப் பார்த்தோம். மற்றதற்கு ஒரு வாரம் ஆனது. பில்ட் டைப் காலியாக இருந்தால் பில்டே நின்றுபோகும்படி செய்தோம். விண்டோஸ் ரிலீஸையும் டெஸ்டுக்குள் கொண்டுவந்தோம். முதல் நாளே லிங்க்கர் சண்டைக்கு வந்தது, டீபக் லைப்ரரியை ரிலீஸோடு கலக்க விடமாட்டேன் என்று. (லினக்ஸ் இதில் அவ்வளவு கறார் இல்லை.) கடைக்குப் போகும் ஒவ்வொரு ரிலீஸின் பிடிபி கோப்பையும் பத்திரப்படுத்தினோம், கிராஷ் ஆனால் எந்த வரி என்று தெரிய.

அண்ணாச்சியின் கணக்கு திரும்பி வரவில்லை. பழைய பில் கட்டுகளையும் ஞாபகத்தையும் வைத்து அவர் சொல்லச் சொல்ல, தம்பி இரண்டு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையில் உட்கார்ந்து டைப் அடித்துக் கொடுத்தான்.