இனிஷியலில் இருக்கும் அம்மா

முதலில் ஒரு குட்டி வினாடி வினா. எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரில் இருக்கும் 'எம்.எஸ்.'ஸுக்கு விரிவு என்ன?

'எம்' மதுரைன்னு நிறைய பேர் சொல்லிடுவீங்க. 'எஸ்' அவங்க அப்பா பேரா இருக்கும்னுதான் நானும் ரொம்ப நாள் நினைச்சிருந்தேன். இல்லைங்க. அது சண்முகவடிவு. அவங்க அம்மா. வீணை வாசிச்சவங்க. அந்த சண்முகவடிவோட அம்மா அக்கம்மாள், வயலின் வாசிச்சவங்க. ஆக பாட்டி, அம்மா, மகள்னு மூணு தலைமுறை பெண்கள் வழியாகவே வந்த ஒரு வம்சம். எல்லாம் வெள்ளைக்காரன் ஆட்சிக் காலத்தில்.

இன்னொரு வேடிக்கை பாருங்க. கர்நாடக சங்கீதத்தில் பெண் மும்மூர்த்திகள்னு மூணு பேரைச் சொல்வாங்க. டி.கே. பட்டம்மாளுக்கு தாமல் கிருஷ்ணசாமி, அதாவது அப்பா பேர். எம்.எல். வசந்தகுமாரிக்கு மெட்ராஸ் லலிதாங்கி, பாடகியான அம்மாவோட பேர். மூணில் ரெண்டு பேர் பெயருக்கு முன்னாடி அம்மா!

இதுக்குக் காரணம் இருக்கு. எம்.எஸ். பிறந்தது (1916) தேவதாசி மரபில் வந்த இசைக் குடும்பத்தில். அந்தக் குடும்பங்களில் வம்சம் பெண் வழியாகத்தான் போகும். மகளுக்குச் சொத்தில் உரிமை உண்டு. பெண் குழந்தையைத் தத்தெடுத்து வாரிசாக்குவதும் உண்டு. அதே காலத்தில் மற்ற பெரும்பாலான இந்துக் குடும்பங்களில் பூர்வீகச் சொத்து பிறப்பிலேயே மகனுக்கு மட்டும்தான். இது எங்க சட்டப் பாடத்திலேயே வருது. தமிழ்நாட்டில் மகளுக்கும் அதில் சம பங்கு வந்தது 1989ல். அதுவும் அதுக்கு முன்னாடியே கல்யாணம் ஆகிப் போனவங்களுக்குக் கிடையாது. நாடு முழுக்க வந்தது 2005ல்.

ஆஹா, அப்போ அது பெண்களோட பொற்காலமான்னு கேட்டா, இல்லவே இல்லை. சின்ன வயசிலேயே பொட்டுக்கட்டி விட்டுடுவாங்க. கல்யாண வாழ்க்கை கிடையாது. வசதியான ஆண்களோட தயவில் வாழணும். ஊர் அவங்க பாட்டை ரசிக்கும், அப்புறம் அவங்களையே ஏசும்.

இங்கே 1927ங்கிற வருஷத்தைக் கொஞ்சம் கவனிங்க. அந்த வருஷம்தான் 11 வயசு எம்.எஸ். நம்ம திருச்சி மலைக்கோட்டை நூற்றுக்கால் மண்டபத்தில் கச்சேரி செய்தாங்க. ஏற்பாடு செய்தவர் எஃப்.ஜி. நடேச ஐயர். வயலின் மைசூர் சௌடையா, மிருதங்கம் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. அம்மா வழி வந்த வித்தை பொது மேடை ஏறிய நாள் அது.

அதே 1927 நவம்பரில் சென்னை மாகாண சட்ட மேலவையில் ஒரு தீர்மானம் வந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கணும்னு. கொண்டு வந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886ல் பக்கத்துப் புதுக்கோட்டையில் பிறந்தவர். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் அதே தேவதாசி மரபு! அந்த வீட்டுப் பெண்ணே எழுந்து 'இது போதும்'னு சொன்னாங்க. சட்டம் முழுசா வர 1947 ஆச்சு. வந்தது நியாயம்தான், சந்தேகமே இல்லை. ஆனா கெட்டதைத் தூக்கிப் போட்டபோது, அம்மா பேரைச் சுமந்த அந்த இனிஷியலும் கூடவே போயிடுச்சேங்கிறதுதான் என் வருத்தம்.

இதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு தோணுதுன்னு சொல்றேன். எங்க அப்பா காந்தி மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதுறார். மார்க்கெட்டைச் சுத்தி போர்டுகளைப் படிச்சுக்கிட்டே போனா 'அண்ட் சன்ஸ்', 'அண்ட் பிரதர்ஸ்', 'அண்ட் கோ' எல்லாம் இருக்கும். 'அண்ட் டாட்டர்ஸ்'? நான் பார்த்ததில்லை. நீங்க பார்த்திருந்தா சொல்லுங்க.

ஆனா அதே மார்க்கெட்டில் தரையில் சாக்கு விரிச்சுக் கீரையும் கொத்தமல்லியும் விக்கிறவங்களில் நிறைய பேர் பெண்கள்தான். எங்க அப்பாயியும் அப்படித்தான் இருந்தாங்க. அந்த இடம் அவங்க அம்மா உட்கார்ந்த இடமாம். போர்டும் இல்லை, பத்திரமும் இல்லை. அம்மாகிட்டயிருந்து மகளுக்கு வந்த சொத்து, நாலு அடி தரை!

போன மாசம் அப்பாயிகிட்ட கேட்டேன்.

"உங்கம்மா பேரு என்ன அப்பாயி?"

"மருதாயி."

"அவங்கம்மா பேரு?"

கொஞ்ச நேரம் யோசிச்சாங்க. "யாரு கண்டா சாமி. ஆயின்னுதான் கூப்பிடுவோம். இப்ப கேக்குறியே, இத்தனை நாளா யாருமே கேக்கலையே."

எங்க குலதெய்வம் கோவிலில் பங்காளிங்க ஆண் வழியில் அஞ்சு தலைமுறைப் பேரை மூச்சு விடாமல் ஒப்பிப்பாங்க. பெண் வழியில் என்னால் ரெண்டுக்கு மேல் போக முடியலை. உழைக்காததாலயா? இல்லை. யாரும் எழுதி வைக்காததால்.

நிலைமை மாறவே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். பான் கார்டு விண்ணப்பத்தில் தந்தை பெயர் கட்டாயமாக இருந்தது. 2018 டிசம்பர் 5 முதல், அம்மா மட்டுமே இருக்கிற பிள்ளைகள் அம்மா பேரை மட்டும் கொடுத்தால் போதும்னு விதியை மாத்தினாங்க. சண்முகவடிவு தன் மகளோட முதல் ரிக்கார்டுக்கு வீணை வாசிச்சது 1926ல். கணக்குப் போட்டுக்கோங்க, 92 வருஷம்!

அதனால மக்களே, ஒரு சின்ன வேண்டுகோள். இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மாவோட அம்மாவோட அம்மா பேரைக் கேளுங்க. பாட்டி உயிரோட இருந்தா உடனே கேளுங்க, தள்ளிப் போடாதீங்க. ஒரு நோட்டில் எழுதி வைங்க. என் நோட்டில் முதல் பேர் மருதாயி, கீரை வியாபாரம், காந்தி மார்க்கெட். உங்க நோட்டில் எத்தனை பேர் வருதுன்னு எனக்கும் சொல்லுங்க.