கதண்டு கொளுத்துவது யார் வேலை?

ஐப்பசி மழை கொஞ்சம் ஓய்ந்ததும் எங்கள் பெரியப்பாவைத் தேடி ஊர்த்தெருவிலிருந்து ஆள் வரும். வருகிறவர் எங்கள் தெருவுக்குள் வரமாட்டார். வாய்க்கால் மதகில் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு அங்கிருந்தே குரல் கொடுப்பார். "யார்ரா அங்க? கொல்லையில கதண்டு கட்டிருக்கு. அவன ராத்திரிக்கு வரச்சொல்லு." பெயர் சொல்லமாட்டார். 'அவன்' என்றால் யார் என்பது தெருவுக்கே தெரியும்.

டெல்டாவில் நாங்கள் கதண்டு என்போம். தெற்கே கடந்தை என்பார்கள். கருத்த உடல், வயிற்றின் முன்பகுதியில் மஞ்சள் பட்டை. மரப்பட்டையையும் காய்ந்த மட்டையையும் சுரண்டி, எச்சிலில் குழைத்து, காகிதம் போன்ற ஓட்டால் கூட்டை மூடிவிடும். ஆடியில் எலுமிச்சம்பழ அளவில் இருப்பது கார்த்திகையில் தண்ணீர்ப் பானை அளவுக்கு வந்துவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும். கூட்டை ஒரு காக்கை இடித்தாலும் போதும், கீழே போகிறவர்களைத் துரத்தித் துரத்திக் கொட்டும்.

பெரியப்பா அன்று மாலை சாப்பிடமாட்டார். நீள மூங்கிலின் நுனியில் பழந்துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து வைப்பார். உடம்பில் ஈரச் சாக்கு, தலையில் துண்டு. பாதுகாப்பு அவ்வளவுதான். இருட்டிய பிறகு எல்லாக் கதண்டும் கூட்டுக்குள் அடங்கிவிடும். கூட்டின் வாசல் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு மரமேறுவார். மறுநாள் காலையில் கூலியாக இரண்டு படி நெல்லோ, ஒரு குவார்ட்டர் பாட்டிலோ வரும். அதையும் மதகில்தான் வைத்துவிட்டுப் போவார்கள்.

நாங்கள் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்தபோது கோயில் வாசல் அரசமரத்தில் கதண்டு கட்டியது. பகலில் அந்த மரத்து நிழலில் எங்கள் தெரு ஆட்கள் உட்காரக்கூடாது. ராத்திரியில் அதன் உச்சிக்கு ஏறலாம். ஏறினார். அன்று காற்று திசை மாறிவிட்டது. முகத்திலும் கழுத்திலும் கொட்டு வாங்கிக்கொண்டு விழுந்தார். கீழே நின்றவர்கள் ஓடிவிட்டார்கள். கதண்டுக்குப் பயந்து ஓடினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் கதண்டு அடங்கிய பிறகும் யாரும் வரவில்லை. எங்கள் பெரியம்மாவும் சித்தப்பாவும் போய்த்தான் கட்டிலில் வைத்துத் தூக்கிவந்தார்கள். இடது கணுக்கால் கோணலாகக் கூடிக்கொண்டது. அந்த மாதம் இரண்டு படிக்குப் பதில் நாலு படி நெல் வந்தது. அதுதான் நஷ்ட ஈடு.

பிறகு நாங்கள் சமூகவியல் முதுகலை படிக்கப் போனோம். விடுதியில் ஒரு விவாதம் அடிக்கடி வரும். "தேனீ, எறும்பு, குளவியில்கூட ராணி, வேலைக்காரி என்று பிரிவு இருக்கிறதே, சாதி இயற்கைதானே?" என்று சில நண்பர்கள் கேட்பார்கள். பூச்சியியல் பாடநூல்களும் அந்தப் பிரிவுகளுக்குக் 'காஸ்ட்' என்றே பெயர் வைத்திருப்பதால் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அன்று எங்களிடம் பதில் இல்லை. பின்னர்தான் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாகச் செய்த ஆய்வுகளைப் பற்றிப் படித்தோம். அவர் எடுத்துக்கொண்டது நம் வீட்டு இறவாணங்களில் கூடு கட்டும் சிறு குளவியான ரோபலிடியா மார்ஜினேட்டா. அதில் ராணிக்கும் வேலைக்காரிக்கும் உடல் அமைப்பில் வேறுபாடே கிடையாது. ராணி போய்விட்டால் வேலைக்காரிகளில் ஒன்று சில நாட்களில் ராணியாகிவிடும். வயது கூடக்கூட வேலையும் மாறும். இளையது கூட்டில் இருந்து குஞ்சுக்கு ஊட்டும், மூத்தது வெளியே போய் இரை தேடும். இன்ன குளவி சாகும்வரை இந்த வேலையைத்தான் செய்யவேண்டும், அதன் குஞ்சும் அதையேதான் செய்யவேண்டும் என்ற விதி அந்தக் கூட்டில் இல்லை. எங்கள் ஊரில் இருந்தது.

பூச்சியைப் பார்த்து மனிதர்கள் பாடம் படிக்கவேண்டும் என்று சொல்ல வரவில்லை. இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்தச் சாட்சியை முழுதாக விசாரித்ததில்லை என்கிறோம். அவ்வளவுதான்.

படிப்பு முடித்து ஊருக்கு வந்த முதல் ஐப்பசியில், மதகில் குரல் கேட்டதும் நாங்கள் போய் நின்றோம். "பெரியப்பா வரமாட்டாரு. தீயணைப்புக்குப் போன் பண்ணுங்க" என்றோம். அவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். நாங்கள் வெற்றியோடு வீட்டுக்கு வந்தால் பெரியப்பா முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: "கூலி குடுக்காதவன் மேல கோவம்னா அவன்கிட்ட கேளு. எனக்குத் தெரிஞ்ச வேலைய வேணாம்னு சொல்ல நீ யாரு? அந்தக் கூட்டுக்குக் கீழ நடக்குறதுல பாதி நம்ம தெருப் புள்ளைங்கதான்."

எங்களிடம் பதில் இல்லை. அவர் மரமேறுவதை அவமானமாகத்தான் பார்த்துப் பழகியிருந்தோம். காற்றைப் படிப்பது, வாசலைக் கண்டுபிடிப்பது, கூடு இளசா முற்றலா என்று சத்தத்தில் சொல்வது இதெல்லாம் அறிவு என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. 1936இல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே படிநிலையாகப் பிரித்து அடைப்பது வேறு என்று விளக்கினார். அதைப் படித்துத் தேர்வும் எழுதியவர்கள் நாங்கள். ஆனால் இழிவு வேலையில் இல்லை, அதைப் பிறப்பின் பேரில் சுமத்துவதில் இருக்கிறது என்பதைப் பெரியப்பாதான் புரியவைத்தார்.

அடுத்த வருஷம் நூறுநாள் வேலையில் எங்கள் அத்தை உட்பட தெருப் பெண்கள் வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்தார்கள். கரைப் புதரில் கூடு இருந்தது யாருக்கும் தெரியவில்லை. மண்வெட்டி பட்டதும் கிளம்பிவிட்டது. ஓட முடியாத வயதானவர்களுக்குத்தான் அதிகம் கொட்டு. அத்தைக்கு இருபதுக்கு மேல். வேலைத்தளத்தில் முதலுதவிப் பெட்டி இல்லை. சுண்ணாம்பு தடவி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் சிறுநீர் கருத்துப் போனது. மாவட்ட அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது, நிறையக் கொட்டு பட்டால் விஷம் தசையைச் சிதைத்துச் சிறுநீரகத்தைத் தாக்கும், இன்னும் தாமதித்திருந்தால் சிரமம் என்றார் மருத்துவர். பிழைத்துக்கொண்டார்.

அப்போதுதான் 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையை வரி வரியாகப் படித்தோம். வேலைத்தளத்தில் முதலுதவிப் பெட்டி இருக்கவேண்டும். வேலையில் காயம்பட்டவருக்கு இலவச மருத்துவம் தரவேண்டும். மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அந்த நாட்களுக்குக் கூலியில் பாதிக்குக் குறையாமல் படியும் தரவேண்டும். அதைக் கேட்டு எழுதிக் கொடுத்தோம். படி வர ஏழு மாதம் ஆனது. பெட்டி மட்டும் மறுவாரமே வந்துவிட்டது. அத்தை அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது முன்னாடியே வந்திருந்தா எனக்குச் சுண்ணாம்பு மிச்சம்" என்றார்.

கூடு அங்கேயே இருந்தது. ஊராட்சியில் சொன்னோம். அவர்கள் எங்கள் தெருவைச் சேர்ந்த தூய்மைப் பணியாளரைக் கூப்பிட்டு, கையில் பந்தத்தைக் கொடுத்தார்கள். பெரியப்பாவுக்குப் பதில் ஒரு தம்பி. ஈரச் சாக்குக்குப் பதில் பச்சைச் சட்டை. மதகுக் குரலுக்குப் பதில் அலுவலக உத்தரவு. அவ்வளவுதான் மாற்றம். குப்பை எடுக்கிறவன் இதையும் செய்யட்டும் என்று அவர்களுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. அந்த இயல்புக்குப் பெயர்தான் சாதி.

அந்தத் தம்பி மறுத்தால் வேலை போகும். அதனால் அவர் மறுக்கவேண்டியதில்லை, நாங்கள் எழுதினோம். கட்டாய வேலை வாங்குவதை அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடை செய்கிறது. பட்டியல் சாதியினரிடம் அப்படி வேலை வாங்குவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பிணம் தூக்கவும் குழி வெட்டவும் வற்புறுத்துவதை 2015ஆம் ஆண்டுத் திருத்தம் தனியாகச் சேர்த்தது. கதண்டு என்ற சொல் எந்தச் சட்டத்திலும் இல்லைதான். இருக்கவும் தேவையில்லை. பாதுகாப்பு உடையும் பயிற்சியும் உள்ள தீயணைப்பு மீட்புத் துறை இருக்கும்போது, இவை எதுவும் இல்லாதவரை ஏன் அனுப்புகிறீர்கள் என்ற ஒரு கேள்வியை மட்டும் எழுத்தில் கேட்டோம். எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் சொல்லவேண்டி வரும். மறுநாள் மாலை தீயணைப்பு வண்டி வந்தது.

பெரியப்பா கம்பை ஊன்றிக்கொண்டு கரையில் வந்து நின்றார். முழு உடையில் இறங்கிய வீரர், இருட்டில் கூட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தார். "ஐயா, வாசல் எந்தப் பக்கம்னு தெரியுதா?" பெரியப்பா கையைக் காட்டினார். "கெழக்கால. செத்த இரு தம்பி, காத்து நிக்கட்டும்." காற்று நிற்கும்வரை வண்டி காத்திருந்தது.

இதை எழுதக் காரணம், போன மாதம் பயிற்சி முகாமில் ஒரு தங்கை, "எங்க காலனியில குளவி கட்டியிருக்கு, என்ன பண்றதுண்ணே?" என்று கேட்டதுதான். மனு எழுதக் கற்றுக்கொடுத்த நாங்கள் இதையும் சொல்லியிருக்கவேண்டும். பெரியப்பாவிடமும் மருத்துவரிடமும் கேட்டறிந்ததைச் சொல்கிறோம்.

முதலில் எது என்று பாருங்கள். சுவர் மூலையில், நிலைப்படியில் மண் உருண்டை வைக்கும் குளவி தனியாக வாழ்வது, கூட்டைக் காக்கச் சண்டைக்கு வராது. புழுவையும் சிலந்தியையும் பிடித்துப் போய்க் குஞ்சுக்கு வைக்கும். விட்டுவிடலாம். இறவாணத்தில் திறந்த அறைகளாகத் தொங்கும் சிறு குளவிக் கூடு, நடமாட்டம் இல்லாத இடத்தில் இருந்தால் விட்டுவிடலாம். அவையும் பயிர்ப் புழுக்களைத் தின்று நமக்கு உதவுகிறவைதான். மூடிய பானை போல, ஒற்றை வாசலோடு இருந்தால் கதண்டு. அதைத் தொடாதீர்கள்.

கட்டவிடாமல் தடுப்பதுதான் சுலபம். ஆடி ஆவணியில் வாரம் ஒருமுறை இறவாணம், கழிப்பறைக் கூரை, விறகு அடுக்கு, கவிழ்த்த பானை, பழைய டயர் எல்லாவற்றையும் பாருங்கள். காசு அளவில் நாலைந்து அறையோடு ஒற்றைக் குளவி இருந்தால், அது வெளியே போன நேரத்தில் நீளக் கழியால் தட்டிவிடலாம். சுவர் ஓட்டைகளை மண் வைத்து அடையுங்கள். அழுகிய பழத்தையும் மீன் கழிவையும் திறந்து போடாதீர்கள். கூரை வீட்டுப் பக்கம் தீப்பந்தம் வேண்டவே வேண்டாம். ஒரு கூட்டுக்காகத் தெருவே எரிந்துவிடும்.

பெரிய கூடு என்றால் 101க்கு அழையுங்கள். அழைத்த நேரத்தைக் குறித்துவையுங்கள். ஊராட்சிக்கும் எழுத்தில் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். கிளம்பிவிட்டால் கையை வீசாமல், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த துணி வையுங்கள். மூச்சுத் திணறல், தொண்டை இறுக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, மயக்கம், வாந்தி இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 108. இதற்கு மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசி, சுண்ணாம்பு இல்லை. நிறையக் கொட்டு பட்டிருந்தால் ஆள் நன்றாகத் தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். சிறுநீர் நிறம் மாறுகிறதா என்று சில நாள் கவனியுங்கள்.

இன்னொன்று. உங்கள் தெருவிலும் ஒரு பெரியப்பா இருப்பார். அவரை வேலைக்கு அனுப்பாதீர்கள். ஆனால் அவரிடம் போய் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெரியப்பா போன கோடையில் இறந்துவிட்டார். நாங்கள் கேட்டு எழுதியது ஒன்பது பக்கம். இன்னும் கேட்டிருக்கலாம்.

இந்த ஐப்பசியில் மதகில் யாரும் வந்து குரல் கொடுக்கவில்லை. ஊர்த்தெருக் கொல்லையில் தீயணைப்பு வண்டி நின்றதைப் பார்த்தோம். அந்தத் தம்பியையும் பார்த்தோம். அவர் வீட்டுத் திண்ணையில் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார்.