படத்தின் மேல் மூலையில் எங்கள் மழை

ஆயா உலக்கையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். மடியில் நான். 1972 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை ராத்திரி. எனக்கு ஆறு வயது. கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே, கடலூரிலிருந்து மாட்டு வண்டியில் போய்ச் சேர்கிற தூரத்தில் எங்கள் ஊர். அரிக்கேன் விளக்கு அணைந்து வெகு நேரமாகியிருந்தது. காற்று என்று இப்போது எழுதுகிறேன்; அன்றைக்கு அது காற்றாகவே தெரியவில்லை. யாரோ கூரையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருந்தது. விடியப் போகிற நேரத்தில் கூரையின் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது. குதிருக்குள் மழை இறங்கியது.

புயல் அன்றிரவு கடலூருக்குப் பக்கத்தில்தான் கரை கடந்தது என்பதெல்லாம் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டது.

விண்வெளிப் படங்கள் என்னைப் பிடித்துக்கொண்டது கல்லூரியில். நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய பத்திரிகையைப் புரட்டும்போது, சாம்பல் நிற நிலாத் தரைக்கு மேலே பாதி பூமி எழுந்து நின்றது. 1968 டிசம்பர் 24 அன்று அப்பல்லோ 8-லிருந்து வில்லியம் ஆண்டர்ஸ் எடுத்தது. நிலாவைப் படம் பிடிக்கப் போனவர்கள் அவர்கள். பூமி வருவது யார் திட்டத்திலும் இல்லை. ஜன்னலில் அது தெரிந்ததும் ஆண்டர்ஸ் கையிலிருந்த கருப்பு வெள்ளைச் சுருளில் ஒன்று எடுத்துவிட்டு, கலர் ஃபிலிம் எங்கே, சீக்கிரம் கொடு என்று பரபரக்கிறார். உடன் போன ஜிம் லவல் தேடி எடுத்துக் கொடுக்கிறார். அதற்குள் ஜன்னலை விட்டுப் பூமி நகர்ந்து, இன்னொரு ஜன்னலில் வந்து நின்றது. அந்தச் சில நொடிப் பதற்றம் ஒலிப்பதிவில் அப்படியே இருக்கிறது. கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் ஃபிலிம் மாற்றுகிற போட்டோக்காரரின் பதற்றம்தான் அது. ஆண்டர்ஸ் 2024-இல், தொண்ணூறு வயதில், தனியாக விமானம் ஓட்டிக்கொண்டு போனபோது விபத்தில் இறந்தார். செய்தியைப் படித்த அன்று, நெருங்கிய ஒருவர் போன மாதிரி எனக்கு வேலை ஓடவில்லை.

வாயேஜர் 1, 1990-இல் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த, பூமி ஒரு தூசியாகத் தெரிகிற படத்தை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கும் அதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தூசியில் நாம் இருக்கிறோம் என்று யாராவது சொன்னால்தான் தெரிகிறது. பார்த்ததும் நெஞ்சில் இறங்குகிற படம் எனக்கு வேறு.

செவ்வாயின் படம் ஒன்று இருக்கிறது. அது என்னைச் சித்தியிடம் கொண்டுபோய் விடும். 1965 ஜூலையில் மாரினர் 4 செவ்வாயைத் தாண்டிப் போகும்போது எடுத்த முதல் படம். ஒரு படம் பூமிக்கு வந்து சேரவே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வந்தது படமாகவும் இல்லை, வெறும் எண்கள். கலிபோர்னியாவில் காத்திருந்த பொறியாளர்களுக்குப் பொறுமை இல்லை. எண்களைக் காகிதப் பட்டைகளில் அச்சடித்து, வரிசையாகச் சுவரில் ஒட்டி, இந்த எண்ணுக்கு இந்த நிறம் என்று வைத்துக்கொண்டு வண்ணச் சுண்ணக்கட்டியால் கையாலேயே தீட்டிவிட்டார்கள். மஞ்சளும் பழுப்பும் சிவப்புமாக ஒரு கிரகத்தின் விளிம்பு சுவரில் வந்தது. உற்றுப் பார்த்தால் நிறத்துக்கு அடியில் எண்கள் தெரியும்.

சித்தி அப்படித்தான் கோலத்துக்கு நிறம் போடுவாள். புள்ளி வைத்து, கோடு இழுத்து, எந்தக் கட்டத்துக்கு எந்தப் பொடி என்று முன்னமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டு, கடைசியில் விரல் இடுக்கிலிருந்து பொடியை விடுவாள். புயல் அடித்த அந்த வருஷமும் மார்கழி முதல் நாள் வாசலில் கோலம் போட்டாள். வீட்டுக்கு அப்போது பாதிக் கூரைதான்.

அந்த வருஷத்துக்கே திரும்பித் திரும்பி வருகிறேன். காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இடத்தில் என் மேசைக்கு எதிர்ச் சுவரில் முழுப் பூமியின் படம் ஒன்று மாட்டியிருந்தது. நீலப் பளிங்கு என்பார்களே, அதுதான். அப்பல்லோ 17-இல் போன செர்னான், எவான்ஸ், ஷ்மிட் மூவரில் ஒருவர் எடுத்தது. தெற்கு மேலாக எடுத்ததை நமக்குப் பழகின திசைக்குத் திருப்பி அச்சிட்டார்கள். சூரியன் அவர்களுக்குப் பின்னால் இருந்ததால் குறையில்லாத வட்டம். ஆப்பிரிக்கா, அரபு நாடு, கீழே அண்டார்டிகாவின் வெண்பனி. பல வருஷம் பார்த்தேன். ஆப்பிரிக்காவை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் நாசாவின் விளக்கக் குறிப்பைப் படித்தபோதுதான் தேதி கண்ணில் பட்டது. 1972 டிசம்பர் 7. படத்தின் மேல் வலது ஓரத்தில் இருக்கும் மேகச் சுழல், இரண்டு நாள் முன்பு தமிழ்நாட்டைத் தாக்கிய புயல். நாற்காலியை விட்டு எழுந்து சுவருக்குப் போய் விரலை வைத்தேன். ஆயா உலக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்த ராத்திரி அந்த வெள்ளைக்குள் இருந்தது.

அப்பல்லோ 17 புறப்பட்டு ஐந்து மணி நேரம் கழித்து, ஏறத்தாழ 29,000 கிலோமீட்டர் தொலைவில் எடுத்த படம். நம் நேரத்தில் கணக்குப் போட்டால் சாயங்காலம் நான்கு மணி. ஷ்மிட் நிலவியல் படித்தவர். போகிற வழியெல்லாம் பூமியின் மேகங்களைப் பார்த்து வானிலை சொல்லிக்கொண்டே போனார்.

ஆயா அப்போது இல்லை. ஊருக்குப் போய் அம்மாவிடம் படத்தைக் காட்டினேன். அம்மா படத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தேதியைத்தான் கேட்டாள்.

"ஏழாந் தேதி சாயங்காலமா? வெயிலே வரலப்பா. நனஞ்ச நெல்லத் திண்ணையில பரப்பி, காத்துலயே கிளறிக் கிளறி விட்டுக்கிட்டு இருந்தோம். நீ கோழிய வெரட்டிக்கிட்டு நின்ன."

கோழி எனக்கு ஞாபகம் இல்லை. நெல் முளை கட்டிய புளித்த வாடை ஞாபகம் இருக்கிறது.

2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்தபோது, அதே மாதிரிச் சுழலைத் தொலைக்காட்சியில் இரண்டு நாள் முன்னாலேயே பார்த்தோம். செயற்கைக்கோள் படத்தில் அது எங்களை நோக்கி நகர நகர, அம்மாவை மெத்தை வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டேன். 30-ஆம் தேதி காலை கரை கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அம்மா பத்திரமாக இருந்தாள். 1972-இல் இப்படி ஒரு படம் எங்கள் ஊரில் யார் கண்ணிலும் படவில்லை. வானொலிப் பெட்டி இருந்தது மணியக்காரர் வீட்டில் மட்டும்.

நீங்களும் அந்த நீலப் பளிங்குப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஆப்பிரிக்காவை விட்டுவிட்டு, அரபு நாட்டுக்கு வலப்பக்கம், வட்டத்தின் விளிம்புக்குப் போங்கள். அங்கே வெள்ளையாகச் சுழித்துக்கொண்டு இருப்பது எங்கள் குதிருக்குள் இறங்கிய மழை.