பாறசாலை வரை பன்னிரண்டு படங்கள்

திருவனந்தபுரத்திலும் அதனைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பிழைப்பு நாடிக் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்கள், பொங்கலுக்கோ கோடை விடுமுறைக்கோ தெற்கு நோக்கிப் புகைவண்டி ஏறுவது ஆண்டுதோறும் நடைபெறும் காரியம். நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, அமரவிளை, தனுவச்சபுரம், பாறசாலை என நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பாறசாலை இத்தடத்தில் கேரளத்தின் கடைசி நிலையம். அதனைக் கடந்தால் குமரி மாவட்டம். சுமார் 30 கிலோமீட்டர் தூரந்தான். அந்தச் சிறிது நேரத்தில் பெரியவர்கள் மூட்டை முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருப்பர். சிறுவர்கள் கைப்பேசியில் ஆழ்ந்திருப்பர். சன்னலுக்கு வெளியே ஒரு நாடு கடந்து போவதைக் காண்பார் சிலரே.

இத்தடத்தில் பயணச்சீட்டு எழுத்தனாகப் பணிபுரியும் நான், ஓய்வு நாட்களில் அந்நாட்டில் இறங்கி நடந்து பார்த்து வருகிறேன். மெட்ரிகுலேஷனோடு படிப்பு முடிந்த எனக்கு, பார்ப்பதற்குக் கற்றுக்கொடுத்த ஆசான் ஒரு விளையாட்டுக் காமிரா. அதனைப் பற்றியும், அதனுடன் நான் சுற்றிய எல்லைக் கிராமங்களைப் பற்றியும், அதனால் நம் வீடுகளுக்கு விளையக்கூடிய நன்மையைப் பற்றியும் அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லையின் கதை

1956ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதல் நாள் வரை இப்பகுதி முழுவதும் திருவிதாங்கூர் கொச்சி இராஜ்யத்தைச் சேர்ந்திருந்தது. அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. அவற்றை அடுத்த நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. ஆகவே பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மலையோ பேராறோ எல்லையாக இல்லை. ஒரு வாழைத்தோட்டம், ஒரு கால்வாய், ஒரு வீட்டின் பின்சுவர் இவையே எல்லை. இப்பக்கம் பெண் கொடுத்து அப்பக்கம் பெண் எடுத்தவர்கள், எல்லை வகுத்த பின்னும் அவ்வாறே கொடுத்தும் எடுத்தும் வருகின்றனர். இரயில் பாதை இவ்வழியே வந்தது 1979ஆம் ஆண்டில்தான். அதற்கு முன் எல்லாப் போக்குவரத்தும் சாலை வழியே.

விளையாட்டுக் காமிரா

விளையாட்டுக் காமிரா என்றதும் குழந்தைகளின் பொம்மை என்று எண்ணிவிடலாகாது. உண்மையான பிலிம் சுருளில் உண்மையான படம் எடுப்பதே அது. ஆனால் மிக எளியது. ஒரே ஒரு வில்லை, அதுவும் பெரும்பாலும் பிளாஸ்டிக். ஏறத்தாழ ஒரே வேகத்தில் திறந்து மூடும் கதவு. பின்புறத்தில் சிவப்புக் கண்ணாடி பதித்த சிறு துளை. அத்துளை வழியே பிலிமின் முதுகுத்தாளில் அச்சிட்ட எண்ணைப் பார்த்துச் சுருளை அடுத்த படத்துக்குத் திருக வேண்டும். மின்கலம் வேண்டியதில்லை.

இவ்வகைக்கு மூதாதை, 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடக் நிறுவனம் ஒரு டாலர் விலைக்கு விற்ற பிரௌனி என்னும் பெட்டிக் காமிரா. 1960களில் ஹாங்காங்கிலிருந்து டயானாவும், 1982இல் அதே நகரிலிருந்து ஹோல்காவும் வந்தன. நம் நாட்டிலோ 'ஆக்பா கிளிக் மூன்று' என்னும் காமிரா பரோடாவில் செய்யப்பட்டு, நடுத்தரக் குடும்பங்களின் முதற் காமிராவாக ஊர்தோறும் புகழ் பெற்றது. வெயிலுக்கு ஒன்று, மேகமூட்டத்திற்கு ஒன்று என அதில் அடையாளங்கள் உண்டு. 120 என்ற எண்ணுள்ள சுருளில் சதுரமான பன்னிரண்டு படங்கள் விழும். உதகமண்டலத்தில் 1960ஆம் ஆண்டு மத்திய அரசு நிறுவிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை நாடெங்கும் அனுப்பியது. அவ்வாலை இன்று இல்லை. நம் பெற்றோரின் திருமணப் பெட்டிகளில் இருக்கும் சிறு சதுரப் படங்களில் எத்தனையோ, இவ்விரண்டின் கூட்டுறவால் பிறந்தவை.

என் தந்தையார் வைத்திருந்த கிளிக் காமிரா இன்றும் வேலை செய்கிறது. அதனுடன் ஒரு ஹோல்காவையும் வாங்கிக்கொண்டேன். ஹோல்காவின் வில்லையைச் சுற்றித் தூரத்தைக் குறிக்க எண்களுக்குப் பதில் நான்கு சித்திரங்கள் உள்ளன: ஒரு மனிதன், ஒரு குடும்பம், ஒரு கூட்டம், ஒரு மலை. எழுத்தறியாதவரும் பயன்படுத்தலாம். படத்தின் நடுப்பகுதி ஓரளவு தெளிவாகவும் மூலைகள் மங்கி இருண்டும் விழும். பெட்டியின் இடுக்குகளில் ஒளி கசிந்து சில வேளை படத்தின் குறுக்கே வெண்கோடு பாயும். அதை விரும்பாதார் கறுப்பு நாடாவை ஒட்டிக்கொள்ளலாம். இக்குறைகளையே அழகெனக் கொண்டு உலகெங்கும் இளைஞர்கள் இன்று இதனைப் பொழுதுபோக்காகப் பயில்கின்றனர். அவர்கள் தேடும் அழகு ஒருபுறம் இருக்க, எனக்கு இதில் பெரிதாகத் தோன்றுவது பன்னிரண்டு என்னும் கணக்கே. ஒரு சுருளின் விலை இன்று நல்ல வேட்டி ஒன்றின் விலையைத் தொடுகிறது. எனவே விரல் தானாக அழுத்தாது. கண் முதலில் பார்க்கும், மனம் பிறகு ஒப்பும்.

வழிநடைக் காட்சிகள்

பாலராமபுரத்தில் அதிகாலையில் இறங்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலராமவர்ம மகாராஜா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வரப்பெற்ற சாலியர் குடும்பங்களால் தழைத்தது இவ்வூரின் நெசவு. தெருவின் நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்துத் தூரிகையால் நீவிவிடும் காட்சி வெயில் ஏறுமுன் முடிந்துவிடும். நம்மைப் போலவே குடியேறி வந்தவர்கள் இரு நூற்றாண்டுகளாக இழை பிசகாமல் காத்து வரும் தொழில் இது. முதல் இரண்டு படங்களை இங்கே செலவிடுவதில் எனக்கு வருத்தமில்லை.

நெய்யாற்றின்கரையில் ஸ்ரீகிருஷ்ணசுவாமி கோயில் காணத்தக்கது. எட்டு வீட்டுப் பிள்ளைமாருக்குத் தப்பி மார்த்தாண்டவர்மர் ஒளிந்திருந்ததாகச் சொல்லப்படும் பலாமரம், அம்மச்சிப் பிலாவு என்ற பெயருடன் இங்கே போற்றப்படுகிறது. கோயிலாரிடம் கேட்டுக்கொண்டே காமிராவை எடுக்க வேண்டும். சற்று அப்பால் நெய்யாறு. அகத்திய மலையில் தோன்றிப் பூவாறில் கடலைச் சேரும் இவ்வாற்றின் கரையில், காலை வெயில் சாய்வாக விழும்போது தென்னைகளின் நிழல் நீரில் நீண்டு கிடக்கும். ஹோல்காவை மலைச் சித்திரத்தில் நிறுத்தி ஒன்று எடுத்தால் போதும்.

அமரவிளையைத் தாண்டிச் சாலையோரமாக நடந்தால் காட்சி மாறிக்கொண்டே வரும். கொடியில் துணிபோல் காயும் ரப்பர் தாள்கள், மரச்சீனித் தோட்டங்கள், செவ்வாழைக் குலை ஏற்றிய வண்டிகள், தேநீர்க் கடைகள். ரப்பர் தாளின் ஊடே வெயில் புகும்போது கறுப்பு வெள்ளைப் பிலிம் அதனைப் பட்டுப்போல் காட்டுகிறது. பாறசாலைச் சந்தையில் விலை பேசும் மொழி மலையாளமா தமிழா என்று பிரித்துச் சொல்ல முடியாது. தொகையை ஒரு மொழியில் சொல்லி, பேரத்தை மறுமொழியில் முடிப்பார்கள்.

இரயில்வே ஊழியன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். படத்திற்காகத் தண்டவாளத்தில் இறங்கி நிற்பது 1989ஆம் ஆண்டு இரயில்வே சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம், உயிருக்கும் கேடு. தண்டவாளம் அழகாகத்தான் இருக்கும். அதனை நடைமேடையிலிருந்து பார்த்து மகிழ்வோம்.

இரு திண்ணைகள்

பாறசாலைக்கு அப்பால் இஞ்சிவிளை. அங்கே, எல்லைக்கு இப்பக்கம், என் அத்தையின் வீடு. எல்லைக்கு அப்பக்கம், கால் மணி நேர நடையில், பெரியப்பாவின் வீடு. அண்ணனும் தங்கையும் வாரம் தவறாமல் ஒருவர் திண்ணையில் ஒருவர் அமர்ந்து வெற்றிலை போட்டவர்கள்.

2020ஆம் ஆண்டு பெருந்தொற்றின்போது மாநில எல்லைகள் அடைக்கப்பட்டன. இஞ்சிவிளையில் சோதனைச் சாவடி எழுந்தது. அதுவரை வாழைத்தோட்டமாக இருந்த எல்லை ஒரே நாளில் இரும்புத் தடுப்பாயிற்று. அவ்வாண்டு மழைக்காலத்தில் பெரியப்பா காலமானார். அனுமதிச் சீட்டு பெற்று அத்தை போய்ச் சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணனின் முகமாக அத்தையிடம் இருப்பது, 1981ஆம் ஆண்டு என் தந்தையார் கிளிக் காமிராவில் எடுத்த, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சதுரப் படம். கைப்பேசிகளில் பெரியப்பாவின் படங்கள் எத்தனையோ இருந்தன. ஒரு கைப்பேசி பழுதாயிற்று, மற்றொன்று மாற்றப்பட்டது; படங்களும் அவற்றோடு போயின. நாற்பது ஆண்டு கடந்த அச்சிறு படம் மட்டும் அரிசிப் பானைக்கு மேல் மாடத்தில் நிற்கிறது. "ஆளு மங்கித்தான் இருக்காரு மக்களே, ஆனா சிரிப்பு மங்கல்ல" என்பார் அத்தை.

ஹோல்காவில் பிலிமைத் திருகாமல் மீண்டும் அழுத்தினால் ஒரே சட்டத்தில் இரு காட்சிகள் படியும். சென்ற ஆண்டு ஒரு மேகமூட்டமான பிற்பகலில் அத்தையைத் தம் திண்ணையில் அமர்த்தி ஒருமுறை அழுத்தினேன். பின் சுருளைத் திருகாமல் எல்லை கடந்து நடந்து, பெரியப்பாவின் வெறுந்திண்ணையை அதே சட்டத்தில் பதித்தேன். படம் கழுவி வந்தபோது அத்தையின் உருவத்தின் ஊடே பெரியப்பா வீட்டுத் தூண் தெரிந்தது. ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து கிடந்தன. அத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது எந்தப் பக்கத்து வீடு மக்களே?" என்று கேட்டார். பிறகு அதனை மாடத்தில், பழைய படத்தின் அருகே வைத்தார்.

வீட்டிலேயே கழுவலாம்

சிற்றூர் ஸ்டூடியோக்களில் பிலிம் கழுவுவோர் இன்று அருகிவிட்டனர். ஆனால் கறுப்பு வெள்ளைச் சுருளை வீட்டிலேயே கழுவுதல் கடினமன்று. ஒளி புகாத தொட்டி, டெவலப்பர், ஹைப்போ, நிறையத் தண்ணீர் இவை போதும். இருபது பாகைச் சூட்டை அளவாக வைத்தே பெரும்பாலும் கால அட்டவணைகள் வகுக்கப்பட்டுள்ளன. நம் குழாய்த் தண்ணீர் அதனினும் சூடானது. ஆதலால் பனிக்கட்டியால் குளிர்விக்க வேண்டும். 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் காப்பியைக் கொண்டே பிலிம் கழுவும் முறையைக் கண்டனர். உடனடிக் காப்பித்தூளும் சலவைச் சோடாவும் சேர்ந்து டெவலப்பராகின்றன. வைட்டமின் சி சேர்த்தால் இன்னும் விரைவாக வேலை செய்யும். நம் வீட்டு டிகிரி காப்பிக்கு இங்கே இடமில்லை! எனினும் ஹைப்போ இன்றியமையாதது. சமையல் பாத்திரங்களை இதற்குப் பயன்படுத்தலாகாது. பயன்படுத்திய ஹைப்போவைக் கிணற்றருகே கொட்டலும் ஆகாது.

புதிதாகத் தொடங்குவோர் நல்ல வெயிலில் 100 என்ற எண்ணுள்ள பிலிமையும், மழைக்காலத்தில் 400 எண்ணுள்ள பிலிமையும் கொள்க.

காத்தல் வேண்டும்

இவ்வெல்லை நாட்டிற்குரிய ஒரு வரலாற்றையும் இங்கே நினைவூட்ட வேண்டும். மலையாளத்தின் முதற் கதைப்படமான 'விகதகுமாரன்' என்னும் ஊமைப்படத்தை எடுத்த ஜே. சி. டானியேல், தம் சொத்தை விற்று அப்படத்தை முடித்தவர். 1975ஆம் ஆண்டு அகஸ்தீஸ்வரத்தில் மறைந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்குகிறது. ஆனால் அவருடைய படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. எடுப்பதற்குச் சொத்தை இழந்தார் ஒருவர். எடுத்ததைக் காக்க ஒருவருமில்லாமற் போயிற்று.

நம் வீடுகளிலும் இந்நிலை நேராதிருக்க வேண்டும். பல குடும்பங்களின் ஆல்பம், பிலிம் நின்ற ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் பிறந்த குழந்தைகளின் பாட்டனார் முகம் தாளில் இல்லை. இம்மாநிலத்தின் ஈரக்காற்றில் பழைய படங்களும் பூஞ்சை பிடிக்கின்றன. ஆகவே அன்பர்கள் விடுமுறைக்கு முன் சிலவற்றைச் செய்ய வேண்டுகிறேன். பழைய படங்களின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் எழுதுக. பேனா மை ஊறிவிடும். பசைத்தாள் ஆல்பங்களில் ஒட்டிக் கிடப்பவற்றைப் பிய்த்தெடுக்காது, முதலில் பிரதி எடுத்துக்கொள்க. நெகடிவ்களைத் தாளுறையிலிட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொட்டலத்துடன் டப்பாவில் மூடி வைக்க.

பரணில் கிளிக் காமிரா கிடந்தால் இறக்கித் துடைத்துப் பிள்ளைகளின் கையில் கொடுங்கள். ஒரு சுருள் வாங்கிக் கொடுத்து, பாறசாலையில் இறங்கி நடக்கச் சொல்லுங்கள். பன்னிரண்டில் ஒன்றேனும் ஊரிலுள்ள முதியவர் ஒருவரின் முகமாக இருக்கட்டும். அதனைத் தாளில் இரு பிரதி போட்டு, ஒன்றை நம் வீட்டுச் சுவரிலும், மற்றொன்றை அவர் வீட்டு மாடத்திலும் வைப்போமாக.