அரைக் குவளைக் காப்பி



பல்வலி ஏழை, செல்வர் என்று பார்ப்பதில்லை. குருவானவர் என்றும் பார்ப்பதில்லை. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் என் இடக் கீழ்த்தாடையின் கடைசிக் கடைவாய்ப்பல் என்னை இரவெல்லாம் விழித்திருக்க வைத்தது. ஞானப்பல் என்று அதற்குப் பெயர். ஞானம் என்னவோ வலி வந்த பிறகுதான் வந்தது. பல் பக்கவாட்டில் சாய்ந்து எலும்புக்குள் புதைந்திருப்பதால், ஈற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டும் என்றார் நகரத்துப் பல் மருத்துவர். அவர் என் மகள் வயதொத்த இளம் பெண். என் கைகள் நடுங்குவதைக் கண்டதும், மரத்துப்போகும் ஊசியோடு, அச்சத்தைத் தணிக்கும் மருந்தையும் நரம்பில் ஏற்றலாம் என்றார்.

“மயக்க மருந்தா?” என்று திடுக்கிட்டேன்.

“முழு மயக்கம் இல்லை ஐயா. நான் கூப்பிட்டால் கண் திறப்பீர்கள், சொல்வதைச் செய்வீர்கள், மூச்சு தானாகவே நடக்கும். நடந்தது பிறகு பெரும்பாலும் நினைவில் இராது” என்று விளக்கினார். முன்னேற்பாடுகள் அச்சிட்ட தாள் ஒன்றையும் தந்தார். அதைத் திருப்புகழ்மாலை நூலுக்குள் மடித்து வைத்தேன். ஆயரின் சுற்றுமடலைச் சிலர் படிப்பதுபோல் பாதி படித்தேன். மீதி விளங்கிவிட்டதாக எண்ணிக்கொண்டேன்.

குறித்த நாள் வந்தது. காலை 6 மணித் திருப்பலியை வழக்கம்போல் நிறைவேற்றினேன். அறைக்குத் திரும்பியபோது சமையல்கார அம்மா காப்பியோடு நின்றார். “ஊசி போடப் போகிற சாமி வெறும் வயிற்றோடு போகலாமா?” என்றார். அன்பைத் தட்ட மனமில்லை. அரைக் குவளை பால் காப்பி குடித்துவிட்டு, பேருந்தில் 40 கிலோமீட்டர் பயணம் செய்து 10 மணிக்கு மருத்துவமனையை அடைந்தேன்.

“கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டீர்கள்?” என்று கேட்டார் மருத்துவர்.

வாசகர்களே, அந்த ஒரு நொடியை நான் மறைக்க விரும்பவில்லை. “இரவு உணவுக்குப் பின் ஒன்றுமில்லை” என்ற பொய் என் நாவின் நுனிவரை வந்துவிட்டது. இரண்டு வாரம் காத்திருந்து பெற்ற நாள். அடுத்து பங்குத் திருவிழா வருகிறது. அரைக் குவளைதானே என்றது மனம். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் அமர்ந்து, “எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்” என்று பிறருக்குச் சொல்பவன் நான். வெட்கம் என்னைப் பிடித்தது. காப்பியைச் சொன்னேன், திருப்பலியில் அருந்திய இரசத்தையும் சொன்னேன்.

அவர் கோபிக்கவில்லை. கோப்பை மூடி, வேறொரு நாள் குறித்தார். “சொன்னீர்களே, அதுவே நல்லது. சொல்லாதவர்களைப் பற்றித்தான் எங்களுக்குப் பயம்” என்றார்.

காரணத்தை அன்றுதான் கேட்டறிந்தேன். நாம் விழித்திருக்கையில் தண்ணீர் புரையேறினால் உடனே இருமுகிறோம். அந்த இருமல் நுரையீரலின் காவற்காரன். மயக்கும் மருந்து அக்காவற்காரனையும் தூங்கவைக்கக்கூடும். அப்போது வயிற்றில் உள்ளது மேலெழுந்து மூச்சுக்குழலுக்குள் இறங்கினால் நுரையீரல் புண்ணாகும், உயிருக்கே ஆபத்தாகலாம். பிரசவத்தில் மயக்க மருந்து பெற்ற 66 பெண்களுக்கு இப்படி நேர்ந்ததை, கர்ட்டிஸ் மெண்டல்சன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1946இல் எழுதிக் காட்டினார். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது: தெளிந்த நீர் 2 மணி நேரம் முன்புவரை, பாலும் எளிய உணவும் 6 மணி நேரம் முன்புவரை, இறைச்சியும் எண்ணெய்ப் பலகாரமும் 8 மணி நேரம் முன்புவரை. பால் கலந்த காப்பி உணவின் கணக்கில் சேரும் என்பதை நான் அறியாதிருந்தேன். ஆயினும் உங்கள் மருத்துவர் தரும் கணக்கே உங்களுக்குரியது.

நற்கருணை வாங்க நள்ளிரவு முதல் ஒரு சொட்டுத் தண்ணீரும் பருகாதிருந்த காலத்தை என் பாட்டி சொல்லக் கேட்டிருக்கிறேன். 1953இல் தண்ணீருக்கு விலக்குக் கிடைத்தது. 1964இல் நோன்பு ஒரு மணி நேரமாகக் குறைந்தது. திருச்சபை ஒரு தாய். பிள்ளைகளின் நிலை கண்டு விலக்களிப்பாள். மூச்சுக்குழலோ யாருக்கும் விலக்களிப்பதில்லை.

இரண்டாம் முறை தாளை முழுவதும் படித்தேன். காலைத் திருப்பலிக்குப் பக்கத்துப் பங்குக் குருவை வேண்டிக்கொண்டேன். நான் சர்க்கரை நோயாளி. உணவின்றி மாத்திரை போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடலாம் என்பதால், அன்றைய மாத்திரையைப் பற்றி முன்னதாகவே கேட்டேன். இரத்த அழுத்த மாத்திரை, இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரை, சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் இக்காலத்தில் வாரம் ஒருமுறை போடும் ஊசி, நாட்டு லேகியம் ஆகிய அனைத்தையும் சொல்லவேண்டும்; எதையும் நாமாக நிறுத்தவும் கூடாது. குறட்டைகூட மறைக்கத்தக்கதன்று; உறக்கத்தில் மூச்சு தடைப்படுபவருக்குத் தனிக் கவனம் தேவை. கைகளை எளிதில் மடிக்கக்கூடிய தளர்ந்த உடை நல்லது. உயிர்க்காற்றின் அளவைக் காட்டும் கருவியை விரலில் மாட்டுவதால், பெண்கள் நகப்பூச்சை நீக்கிவிட்டுச் செல்வது நன்று.

துணைக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும் என்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. தனித்து வாழ்ந்து பழகியவனுக்குப் பிறரிடம் உதவி கேட்பது எளிதன்று. பங்குப் பேரவைச் செயலரிடம் தயங்கிக் கேட்டேன். அவரோ கடைக்கு விடுப்புவிட்டு வந்து முழுநேரமும் உடனிருந்தார். வீடு திரும்பும் வழியில் ஒரே கேள்வியை நான் மூன்று முறை கேட்டேனாம்! எனக்கு நினைவில்லை. மருத்துவர் சொன்ன அறிவுரைகளை அவர் எழுதி வைத்திராவிடில் அத்தனையும் காற்றோடு போயிருக்கும். அன்று முழுதும், மறுநாள் வரையிலும், வண்டி ஓட்டுவதும் அடுப்படி வேலையும் பத்திரங்களில் கையொப்பமிடுவதும் ஆகாது.

வலியைத் தாங்காமல் மருந்து கேட்பது விசுவாசக் குறைவோ என்று ஒரு மூதாட்டி பின்னர் என்னிடம் கேட்டார். 1957இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மயக்கவியல் மருத்துவர்களிடம் உரையாற்றியபோது, வலியைத் தணித்துக்கொள்வது தவறன்று எனத் தெளிவுபடுத்தினார் என்று அவருக்குச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

இறுதியாகக் குடும்பத் தலைவர்களுக்கு ஒரு சொல். மனைவி அறியாத மது, பிள்ளைகள் அறியாத புகை, எவரும் அறியாத தூக்க மாத்திரை நம் வீடுகளில் உண்டு. இவை மயக்க மருந்தோடு சேரும்போது தீங்கு விளைக்கக்கூடும். வீட்டார் முன் சொல்லக் கூசினால், “உங்களிடம் தனியே பேசவேண்டும்” என்று மருத்துவரிடம் கேளுங்கள். துணைக்கு வருபவர்களே, அவருக்கு அந்த இரண்டு நிமிடத் தனிமையைக் கொடுத்து வெளியே காத்திருங்கள்.

இன்றும் திருப்பலி முடிந்ததும் அரைக் குவளைக் காப்பி என் மேசைக்கு வருகிறது. நன்றியோடு குடிக்கிறேன். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் நாளென்றால், சமையல்கார அம்மாவே இப்போது வாசலில் நின்று கேட்கிறார்: “சாமி, ஒன்றும் குடிக்கவில்லையே?”