வில்லாபுரத்து வெந்நீர்

மதுரை பெரியார் பேருந்து நிலையத்திலிருந்து அவனியாபுரம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறினால், தெற்குவாசல் பாலத்தைத் தாண்டியதும் வில்லாபுரம் வந்துவிடும். விமான நிலையத்துக்குப் போகிற வழியும் இதுதான். ஹவுசிங் போர்டு வீடுகள், மீனாட்சி நகர், நெருக்கமான சந்துகள், மொட்டை மாடிகளில் வரிசையாகத் தண்ணீர்த் தொட்டிகள்.

மார்கழி விடியலில் கோலமாவுக் கிண்ணத்தோடு பெண்கள் வாசலுக்கு வரும்போதே, உள்ளே ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிவிடும். மதுரைக் குளிர் ஒன்றும் ஊட்டிக் குளிர் அல்ல. இரவில் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஆனாலும் சித்திரையில் குழாய்த் தண்ணீர் கையைச் சுடும் ஊர்க்காரர்களுக்கு அதுவே நடுக்கம்.

இங்கே வெந்நீரைப் பற்றிப் பேசினால், தண்ணீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று இரண்டு கணக்கு உண்டு. குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் நல்ல தண்ணீர். குளிக்க, துவைக்க போர் தண்ணீர். அந்தக் குடிநீர் குழாயில் வர வேண்டும் என்று போராடியவர், இந்தப் பகுதியின் மாமன்ற உறுப்பினராக இருந்த மார்க்சிஸ்ட் கட்சியின் லீலாவதி. 1997 ஏப்ரல் 23 அன்று வில்லாபுரத்தில் அவர் வெட்டிக் கொல்லப்பட்டார். தண்ணீருக்காக ஓர் உயிரையே கொடுத்த பகுதி இது.

அந்த உப்புத் தண்ணீர்தான் ஹீட்டருக்குள் போகிறது. அதில் கரைந்திருக்கும் கால்சியமும் மெக்னீசியமும் சூடு ஏற ஏற வெள்ளைப் பொருக்காகப் படியும். மின்சார ஹீட்டரில் இந்தப் பொருக்கு கம்பிச் சுருளைப் போர்வை போல மூடிக்கொள்ளும். சூடு வெளியே போக வழியில்லாமல் சுருள் கொதித்து, சீக்கிரம் கருகிவிடும். தண்ணீர் சுடவும் நேரமாகும்.

பழைய செம்பு பாய்லரில் கதை வேறு. நடுக்குழாயில் தீ, சுற்றிலும் தண்ணீர். கொட்டாங்குச்சியும் மட்டையும் போட்டு எரித்தால் அரை வீதிக்கே வாசம் வரும். அதில் உள்பக்கம் உப்புப் பொருக்கு, தீப்பக்கம் கரி என இரண்டும் சேர்ந்துவிட்டால், சூடு தண்ணீருக்குள் இறங்காமல் புகையோடு மேலே போய்விடும். அதனால்தான் அந்தக் காலத்தில் குழாயைச் சுரண்டிக் கரி எடுப்பதும், சாம்பலை அன்றன்றே வாருவதும், ஈர விறகைத் தள்ளிவைப்பதும் வழக்கமாக இருந்தன. வெளிப்புறத்தைப் புளி போட்டுத் துலக்கியது பளபளப்புக்கு. விறகை மிச்சம் பிடித்தது உள்ளே சுரண்டியதுதான்.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரு வாளி, அதாவது 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து குளிக்கிற பதமான 40 டிகிரிக்குக் கொண்டுவர, சுமார் கால் யூனிட் மின்சாரம் போதும். அதே அளவுள்ள ஹீட்டரைக் கடைசி வரை திருகி 75 டிகிரிக்குச் சூடாக்கினால் 0.87 யூனிட். பிறகு அதில் பச்சைத் தண்ணீரைக் கலந்துதான் குளிக்கிறோம். மிச்சச் சூடு தொட்டியிலேயே ஆறி வீணாகிறது. 60 டிகிரிக்கு மேல் பொருக்கும் வேகமாகப் படியும். ஆகவே திருகை 60-ல் நிறுத்தி, குளிக்கப் போவதற்குக் கால் மணி நேரம் முன்பு போட்டு, உடனே அணைப்பதுதான் இந்த ஊருக்குச் சரி. ஹீட்டரில் ஒட்டியிருக்கும் நட்சத்திரங்களும் இதையே சொல்கின்றன: சும்மா இருக்கும்போது எவ்வளவு குறைவாகச் சூட்டை இழக்கிறதோ, அவ்வளவு நட்சத்திரம்.

பனி கொட்டும் ஐரோப்பிய வீடுகளில் பாய்லர் வைத்து, குழாய்களில் சுடுநீர் ஓடவிட்டு அறைகளையே சூடாக்குகிறார்கள். அங்கே இப்போதைய பாய்லர்கள் புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் பிடித்துக்கொள்கின்றன. சுற்றித் திரும்பும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். அதனால் அவர்களுக்கும் முதல் யோசனை, திருகைக் குறைத்து வையுங்கள் என்பதே.

அவர்களுக்கு இல்லாத ஒரு வசதி வில்லாபுரத்துக்கு உண்டு. அது மொட்டை மாடி வெயில். தெற்கு பார்த்து வைத்த சூரிய ஹீட்டர் வருடத்தின் பெரும்பகுதி கட்டணமில்லாமல் வெந்நீர் தரும். உப்புத் தண்ணீருக்குக் குறுகிய செம்புக் குழாய் வகையைவிடக் கண்ணாடிக் குழாய் வகை நல்லது. சீக்கிரம் அடைக்காது, கழற்றிச் சுத்தம் செய்யலாம். எந்த ஹீட்டரானாலும், வருடத்துக்கு ஒருமுறை ஆளை அழைத்துப் பொருக்கை எடுத்துவிட வேண்டும். மின் இணைப்பைத் துண்டித்த பிறகே கை வைக்க வேண்டும்.

தை முதல் நாள், பக்கத்து அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. அன்று விடிவதற்குள் வீட்டில் எல்லோரும் வரிசையாகக் குளித்தாக வேண்டும். மார்கழி பிறக்கும் முன்பே பொருக்கு எடுத்த வீட்டில், கடைசியாகக் குளிக்கிறவருக்கும் வெந்நீர் இருக்கும்.